எங்கள் வீட்டுப் பல்லிக்கு இங்கிலீஷ் தெரியும்

பல்லி சொன்னது. உடனே மாப்பிள்ளையின் அம்மா ஆள்காட்டி விரலை மடக்கி, உட்கார்ந்திருந்த பாயில் மூன்று தட்டுத் தட்டி, "முருகா, நீதான் துணை" என்றார். அவர் தட்டியதைப் பார்த்துக் கூட வந்திருந்த சித்திமார்களும் தட்டினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் அதைவிட நல்ல சகுனம் எது? அதுவும் ஈசான மூலையிலிருந்து.

கூடத்தில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவர்கள் வாங்கி வந்த கடம்பூர்ப் போளியின் நெய் வாசனை வீட்டை நிறைத்திருந்தது. காபித் தட்டோடு நின்ற எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் சொன்னது பல்லி இல்லை. ஈசான மூலையில் ஸ்டூல் போட்டு, வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர்.

ஓர் எழுத்துக்கு ஒரு தாள்

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த கதையை எழுதியிருந்தேன். குடத்தோடு எல்லாரும் அடித்துக்கொண்டிருக்கையில், குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பர நோட்டீஸின் இங்கிலீஷைப் பேனாவால் திருத்திக்கொண்டு ஒருவர் நின்றாரே, அவரேதான் இவர்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் டைப் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளுக்கு வகுப்பு. நடுவில் மனு, பத்திரம், வேலைக்கு விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்கு அடித்துக் கொடுப்பார்.

அவர் காலேஜ் வாசலை மிதித்தவர் இல்லை. பதினொன்றாம் வகுப்பு முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கப் போனார். அங்கே ஓர் எழுத்து தப்பினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். கடைசி வரியில் தப்பினாலும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, எங்கே இங்கிலீஷ் தப்பாக வந்தாலும் இவருக்கு விரல் வலிக்கும். "யாரோ செஞ்ச தப்புக்கு உங்களுக்கு ஏன் வலிக்கணும்?" என்று கேட்டால், "திரும்ப அடிக்கிறவன் நான்லா" என்பார்.

தப்பு கண்ணில் பட்டதும் முதலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும். 'ட்ச்சு.' இன்ஸ்டிட்யூட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். பிள்ளைகள் அவரவர் தாளைக் குனிந்து பார்ப்பார்கள். சத்தத்துக்குப் பிறகு வாய் திறக்கும். திறந்தால் மூடாது.

ரசீதுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறதல்லவா, அதை 'ரிசிப்ட்' என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. நடுவில் 'ப்' வரக்கூடாதாம். "எழுதியிருக்குல்லா?" என்று நான் ஒரு தரம் கேட்டேன். "எழுதியிருக்கும், சொல்லக்கூடாது" என்றார். சொல்லக்கூடாததை எதற்கு எழுத வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் எட்டாம் வகுப்பு.

ஒருநாள் சாயங்காலம் வீடே இருட்டாகிவிட்டது. "ஏங்க, பீஸ் போயிட்டு, கொஞ்சம் பாருங்க" என்றேன். "பீஸ் இல்லட்டி. ஃப்யூஸ். உதட்டைக் கடிச்சுச் சொல்லு." உதட்டைக் கடித்துச் சொன்னேன். சரியாக வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, "பீஸ் கம்பி பழசு அண்ணாச்சி" என்று அவர் சொல்ல, இவர் அவர் பின்னாலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

ஆடு ஒன்றா, முப்பதா?

புதூர்ப் பக்கத்திலிருந்து செம்மறி மேய்க்கிற ஒருவர் ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் மனு அடிக்க வந்தார். யாரோ எழுதிக் கொடுத்த தாளில் 'ஷீப்ஸ்' என்று இருந்தது. நான் மத்தியானச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். ட்ச்சு கேட்டது.

"அண்ணாச்சி, இங்க 'ஸ்' போடக்கூடாது. ஒண்ணா இருந்தாலும் ஷீப், முப்பதா இருந்தாலும் ஷீப்."

அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதெப்படி? எங்கிட்ட முப்பது உருப்படி நிக்குது. ஒண்ணுதான் இருக்குன்னுல்லா ஆபீசர் நெனச்சுக்கிடுவாரு?"

"நம்பர் போட்டிருக்கோம்லா?"

"நம்பரை எவன் பாக்கான்? நீங்க அந்த 'ஸ்'ஸைப் போடுங்க."

"போட மாட்டேன்."

"என் ஆட்டுக்கு நான் போடச் சொல்லுதேன், உங்களுக்கு என்னய்யா?"

தாளைப் பிடுங்கிக்கொண்டு எதிர்த்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விட்டார். அங்கே அவர் கேட்டதற்கு மேலேயே போட்டுக் கொடுத்தார்களாம், இரண்டு 'ஸ்'. இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. எங்கள் ஒரே மகள் செண்பகத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

கேசரியோடு போன சம்பந்தம்

முதலில் சாத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல நிறம், நல்ல வேலை. "மைசெல்ஃப் ராஜேந்திரன்" என்று எழுந்து கும்பிட்டான்.

ட்ச்சு. "தம்பி, மைசெல்ஃப்னு ஆரம்பிக்கக்கூடாது. ஐ ஆம் ராஜேந்திரன்னு சொல்லணும்" என்றார் இவர், அன்பாகத்தான்.

பையனின் தாய்மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?" என்று கேட்டார். பையனின் தங்கை களுக்கென்று சிரித்தாள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதிக் கேசரியை வைத்துவிட்டு எழுந்து போனவர்கள்தான்.

அடுத்து வந்தவர்கள் வாசலில் செருப்புப் போடும்போதுகூட இவர் பின்னால் போய் ஒரு வார்த்தையை விளக்கிக்கொண்டிருந்தார்.

செண்பகம் சாது. அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாள். மூன்றாவதாக முத்துராஜ் சம்பந்தம் வந்தபோது அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். முறத்தில் கிடந்த உளுந்தை விரலால் கிளறிக்கொண்டே, "எம்மா, அன்னைக்கு மட்டும் அப்பாவை எங்கயாவது அனுப்பிர முடியாதா?" என்று கேட்டாள்.

பிறகு, "அவிய போட்டோ பாத்தேன்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.

முத்துராஜுக்குத் தூத்துக்குடியில் லாரி கம்பெனியில் வேலை. குடும்பத்துக்குப் புதூர்ப் பக்கம் கரிசல் நிலம். அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். தரகர் இதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. பட்டாளத்துக்காரர் என்றால் இங்கிலீஷ் பேசுவாரே.

சூடத்தின் மேல் சத்தியம்

மனிதரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி அம்மனிடம் போக வேண்டியதுதான் என்று, வெள்ளிக்கிழமை காலையில் இவரைச் செண்பகவல்லி சன்னதிக்குக் கூட்டிப்போனேன். நான் அம்மனிடம் எப்படிப் பேசினாலும் அவள் புரிந்துகொள்வாள். அழுது, மூக்கைச் சிந்தி, முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாலும் திருத்தமாட்டாள். அதனாலேயே எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

பிரகாரத்தில் ஒரு வெற்றிலை மேல் சூடத்தை ஏற்றிவைத்தேன்.

"இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. அவிய வந்துட்டுப் போறவரைக்கும் யாரு இங்கிலீஷையும் திருத்த மாட்டேன்னு."

"இதுக்கெல்லாமா ஏட்டி சாமியைக் கூப்பிடுவே?"

"பிள்ளை போட்டோ பாத்திருக்கா."

அவர் எரிகிற சூடத்தையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை அதன் மேல் அடித்து அணைத்தார். "தாயே, அவிய போறவரைக்கும் வாயைத் திறந்து யாரு இங்கிலீஷையும் திருத்த மாட்டேன்" என்றார்.

'வாயைத் திறந்து' என்று அவர் சேர்த்துக்கொண்டதை நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து போயிருந்தது. பிள்ளைக்கு நல்லபடியாக அமைந்தால் மாவிளக்கு எடுக்கிறேன் என்று நானும் நேர்ந்துகொண்டு வந்தேன்.

மூன்று தரம் சொல்லிவிட்டது

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பட்டாளத்துக்காரர் மீசையை முறுக்கி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீட்டம்மா பாயில் அமர்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு. வந்ததும் எங்கள் பூஜை அலமாரியைத் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. முத்துராஜ் குனிந்த தலை நிமிரவில்லை.

பட்டாளத்துக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் மாஸ்டர். மை சன் முத்துராஜ். நோ ஸ்மோக்கிங். நோ டிரிங்கிங். ஒன்லி ஈட்டிங்!"

ட்ச்சு.

இந்த முதல் 'ட்ச்சு'வுக்கு அந்த அம்மாள் பாயில் தட்டியதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். எங்கள் வீட்டில் முருகன் காலண்டருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பல்லி குடியிருந்தது. இவர் ஸ்டூலுக்கு நேர் மேலே. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"பாத்தியளா, நம்ம பையனைப் பத்திச் சொன்னதும் சொல்லுது" என்றார் அந்த அம்மாள்.

நான் இவரைக் கண்ணால் முறைத்தேன். 'வாயைத் திறக்கலையே' என்று இவரும் கண்ணாலேயே சொன்னார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது.

"மை வில்லேஜ் ஆல் பிளாக் சாயில்" என்று தொடர்ந்தார் பட்டாளத்துக்காரர். "ரெயின் கமிங் மீன்ஸ் காட்டன் கமிங். ரெயின் நாட் கமிங் மீன்ஸ், ஐ கோயிங் மிலிட்டரி!"

ட்ச்சு.

"முருகா! இந்த வருசம் மழையும் வருமாம்" என்று தட்டினார் அந்த அம்மாள். சித்திமார்களும் தட்டினார்கள்.

"யுவர் டாட்டர் இஸ் மை டாட்டர். மை வைஃப் இஸ் யுவர் சிஸ்டர். சோ, ஐ அண்டு யூ, நோ டிஃபரன்ஸ்!"

ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு.

இதில் என்னென்ன தப்பு என்று எனக்குத் தெரியாது. கேட்டவரைக்கும் எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய் நின்றது.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "மூணு தரம் சொல்லிட்டு. பொண்ணையும் பாத்தாச்சு, லட்சணமா இருக்கா. இனிமே பேச என்ன இருக்கு? தட்டை மாத்திருவோம். எடுங்க மதினி."

வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள் எல்லாம் வைத்த தாம்பாளம் என் கைக்கு வந்தது. உள் அறைக் கதவிடுக்கில் செண்பகத்தின் பட்டுப்புடவைக் கரை தெரிந்தது. கொடுத்துவிட்டால் முடிந்தது. என் பிள்ளை கேட்டது கிடைத்துவிடும்.

கொடுக்கக் கை வரவில்லை. அந்த அம்மாள் விரலால் தட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக் கும்பிட்டதைப் பார்த்தவள் நான். சாமி சொன்னதாக நினைத்துக்கொண்டு அவர் பிள்ளையைக் கொடுக்கிறார். அப்படி நினைத்தே இருக்கட்டும் என்று எப்படி விடுவது?

"மதினி, ஒரு நிமிசம்" என்றேன். "அது பல்லி இல்லை."

"பின்னே?"

"எங்க வீட்டுக்காரக."

வாயில் பூச்சி

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலிக்கிற விரல், சாத்தூர்க் கேசரி, சூடம், சத்தியம், ஒன்றுவிடாமல். சொல்லச் சொல்லப் பட்டாளத்துக்காரரின் மீசை கீழே இறங்கியது.

"அப்போ" என்றார் மெதுவாக, "அது பூராம் என் இங்கிலீஷுக்கா?"

நான் தலையாட்டினேன்.

"மாஸ்டர் இங்கிலீஷ்ல பெரிய ஆளு, அவியகிட்டத் தமிழ்ல பேசினா மரியாதை இல்லைன்னு தரகர் சொன்னாரு. நான் பட்டாளத்துல சமையல் பார்த்தவன். பேசத் தெரியாது. பையன்கிட்டக் கேட்டுக்கேட்டு, வழி நெடுக பஸ்லயும் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

இவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். நடுக்கூடத்துக்கு வந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். டைப் மிஷின் இல்லாத இடத்தில் அந்தக் கைகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, மன்னிக்கணும்" என்றார். "எனக்காக ஒரு மனுசன் இங்கிலீஷை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். இத்தனை வருசத்துல நீங்க ஒருத்தர்தான். இது தெரியாம நான் நாக்கைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

பட்டாளத்துக்காரர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் முடிவு அந்த அம்மாள் கையில் அல்லவா இருக்கிறது? அவர் காலண்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடந்தது நடந்துபோச்சு. நிசப் பல்லி ஒண்ணு இருக்குல்லா? அது என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம். கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க."

எல்லாரும் சும்மா இருந்தோம். மாப்பிள்ளை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்தார். நான் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, 'தாயே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை' என்று வேண்டினேன்.

காலண்டர் லேசாக அசைந்தது. பல்லி வெளியே வந்தது. சுவரோடு ஓடி ட்யூப்லைட் பக்கம் போய் நின்றது. கூடமே மூச்சைப் பிடித்தது. லபக்கென்று ஒரு பூச்சியைக் கவ்வியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. வந்த வழியே போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாயில பூச்சியை வச்சுக்கிட்டு அது எப்படிச் சொல்லும்?" என்றார் அந்த அம்மாள், யோசனையோடு.

பட்டாளத்துக்காரர் தயங்கித் தயங்கி இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "லிசார்டு ஆல்சோ" என்றார். "ஒன்லி ஈட்டிங்."

நான் இவர் வாயையே பார்த்தேன். நாக்கு தட்டப்போகிறது என்று நினைத்தேன். தட்டவில்லை. தோள் குலுங்கியது. சத்தியத்தை மறந்து வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. அதே நேரம் உள் அறையிலிருந்தும் ஒரு சிரிப்பு. என் சாதுப் பெண் அடக்கமுடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! பெண் பார்க்க வந்த அன்றைக்கு எந்தப் பெண் அப்படிச் சிரிப்பாள்? ஆனால் மாப்பிள்ளை அந்தக் கதவைப் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"எம்மா" என்றார் முத்துராஜ். "பல்லி சொல்லாட்டாலும் எனக்குச் சம்மதம்."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். புருசனைப் பார்த்தார். கடைசியாக எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பட்டாளத்துல இருந்து வந்த நாள்ல இருந்து இவிய பேசுத இங்கிலீஷை நான் ஒருத்திதான் கேட்டுக்கிட்டு இருக்கேன் மதினி. தடுத்துக் கேக்க ஒரு நாதி இல்லையேன்னு முருகன்கிட்ட அழாத நாள் இல்லை. இப்பந்தான் ஆள் அனுப்பியிருக்கான். இதுக்கு மேல என்ன சகுனம்? தட்டைக் கொடுங்க!"

கொடுத்தேன். "வாங்க மச்சான்" என்று பட்டாளத்துக்காரர் இவர் தோளில் கைபோட்டார்.

மைக்கில் வந்த குரல்

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பட்டாளத்துக்காரர் மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை எழுதியே வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தாளைக் கொண்டுவந்து, "மச்சான், கொஞ்சம் பாத்துக் கொடுங்க" என்று கேட்டதற்கு, இவர் வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். "அப்படியே பேசுங்க மச்சான்" என்றார்.

அவரும் அப்படியே பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பந்தியில் இலை போட்டாயிற்று. சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர்கள் நின்றார்கள். முன்வரிசையில் இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் தங்கள் மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் அலையில்லாத குளம்போல இருந்தது.

என் பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா நெளிந்தார். "அண்ணாச்சி! இப்பமாவது வாயைத் திறங்களேன்" என்று இவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

இவர் எழுந்து மேடைக்குப் போனார். பட்டாளத்துக்காரர் பேச்சை நிறுத்தி, "எங்கயாவது தப்பா மச்சான்?" என்றார் பயந்துகொண்டு. அது மைக்கில் மண்டபம் பூராவும் கேட்டது.

இவர் மைக்கை வாங்கினார். செருமினார். பிள்ளைகள் மூச்சை அடக்கினார்கள்.

"நோ ஸ்பீச்சிங்!" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "ஒன்லி ஈட்டிங்!"

அத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து தப்பான இங்கிலீஷ் வந்து நான் கேட்டதில்லை. தப்பு என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மணவறையில் செண்பகம் மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். மாப்பிள்ளையும்தான்.

அப்போது என் காதருகே கேட்டது.

ட்ச்சு.

திரும்பினேன். சம்பந்தியம்மா ஒன்றும் தெரியாதவர் மாதிரி மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் குனிந்து அவரவர் மடியைப் பார்த்தார்கள். நான் விரலை மடக்கி நாற்காலியில் மூன்று தட்டுத் தட்டினேன்.